குளவிக்குப் பதில் குழவி

ஜூன் 4

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கான வான்பட நூல் ஒன்றுக்குப் படம் வரையும் வேலை எனக்கு வந்திருக்கிறது. நூலின் கடைசிப் பகுதி, இப்போது வழக்கில் இல்லாத விண்மீன் குழுக்களைப் பற்றியது. குழு மறைந்தும் அதன் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களைப் பற்றியதும்கூட. மொத்தம் பதினோரு படங்கள். சந்தேகம் இருந்தால் பெயர்ப் பட்டியலைத் தந்தவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று பதிப்பாசிரியர் கோளரங்கத்தின் முகவரியைக் கொடுத்தார். பட்டியலின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிறகு மறுபடி உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது?

என் கையெழுத்து உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை உங்கள் நாத்தனாராக இருந்தவள்.

வேலையைத் தட்டிக்கழிக்கலாமா என்று யோசித்தேன். இத்தனை நாள் விதைப் பொட்டலத்துக்குக் கத்தரிக்காயும் பள்ளிக்கூடச் சுவருக்குச் சிறுநீரகமும் வரைந்தவள் நான். வானம் வந்து கதவைத் தட்டும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கேள்விகள் இவைதான். பூனை எந்தப் பக்கம் பார்க்கிறது? செங்கோலை நிமிர்த்தி வரைவதா, சாய்த்தா? கிரீடம் வைத்த இதயம் என்று இருக்கிறதே, அது மருத்துவர் காட்டும் இதயமா, காதலர்கள் வரையும் இதயமா?

பதில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
படம் வரைபவள்


ஜூன் 11

படம் வரைபவர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை சம்பந்தமான கேள்விகளுக்குப் பதில் சொல்வேன். எழுத்தில் மட்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். வாயால் சொன்ன சொல் என்ன பாடு படும் என்று நாம் இருவரும் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

படத்துக்கு முன் விஷயம் தெரிய வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலம், வானப்படம் வரைந்தவர்கள் காலியாகக் கிடந்த இடத்தில் எல்லாம் மனம்போனபடி குழுக்களை வைத்தார்கள். மன்னரைக் குளிர்விக்கச் சிலர், சொந்த ஆசைக்குச் சிலர். நூறு ஆண்டுகளுக்கு முன் உலக வானியலாளர்கள் கூடி எண்பத்தெட்டுக் குழுக்கள் போதும் என்று முடிவு செய்தபோது மற்றவை விழுந்துவிட்டன. சில விண்மீன்களின் பெயர்கள் மட்டும் தங்கின. சிலவற்றுக்கு அண்மையில்தான், பழைய நினைவாக, அதிகாரபூர்வமாகப் பெயர் கொடுத்தார்கள். பூனை அப்படிப்பட்டது.

பூனையை வைத்தவர் பூனைப் பிரியர். வேறு காரணம் ஒன்றும் இல்லை. நீர்ப்பாம்பு, காற்றுப் பம்பு என்னும் இரண்டு குழுக்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கான குறிப்பு இப்போது என் கையில் இல்லை. செங்கோல், ஆறு என்னும் குழுவின் நடுவே நிற்கிறது. நிமிர்த்தியே வரையுங்கள், சாய்ந்த செங்கோலால் எந்த மன்னரும் மகிழ்ந்திருக்க மாட்டார். இதயம், காதலர்கள் வரைவதுதான்.

மேலும் கேள்வி இருந்தால் எண் இட்டு எழுதவும்.

பெயர்ப் பட்டியல் தயாரித்தவர்


ஜூன் 19

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

எண் இட்டு எழுதச் சொன்னீர்கள். எனக்கு ஒன்றுக்குப் பிறகு மூன்று வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு படங்களின் பென்சில் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். பூனைக்கு எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்து வரைந்தேன். அது ஒரு நிமிடம் சும்மா இருக்காது. மீன் தலையைக் காட்டி உட்கார வைத்தேன். அதனால் கண்ணில் கொஞ்சம் பேராசை தெரிகிறது. பம்பைப் பார்ப்பதுபோல வைத்தால் யாருக்கும் புரியாது, பாம்பைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பூனைக்கும் பாம்புக்கும் பேசிக்கொள்ள ஏதாவது இருக்கும்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். நீங்கள் கேட்கவில்லை, தெரியும். மருந்துக்கடையைப் பெரிதாக்கியிருக்கிறார். என் மேசை முன்பு இருந்த அதே சன்னல் ஓரத்தில்தான். என்ன வரைகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. பரணி இருக்கும் இடத்தில் உள்ள மூன்று நட்சத்திரங்களை ஒருவர் தேனீ என்றார், அடுத்தவர் குழவி என்றார், இன்னொருவர் லில்லி, அதற்கும் பிறகு ஒருவர் ஈ என்று வைத்தார்கள் அல்லவா? அதில் அந்தக் குழவி கைக்குழந்தையா, அம்மிக் குழவியா? தேனீக்கும் ஈக்கும் நடுவே குழந்தையைப் போட்டால் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அம்மிக் குழவி என்றால் நாலு கோட்டில் முடிந்துவிடும். இரண்டையும் வரைந்து அனுப்பியிருக்கிறேன். எது சரியோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
படம் வரைபவள்


ஜூன் 26

படம் வரைபவர் அவர்களுக்கு,

அது குளவி. கொட்டுகிற குளவி. குழந்தையும் இல்லை, அம்மியும் இல்லை.

பதிப்பகத்துக்கு நான் கொடுத்த பட்டியலில் அந்த மூன்று விண்மீன்களுக்கு லில்லி, ஈ என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. தேனீயும் குளவியும் என் நினைவில் இருந்தன. ஆதாரக் குறிப்பு கையில் இல்லாததால் சேர்க்கவில்லை.

குளவியைக் ‘குழவி’ என்று என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பிழையாக எழுதியிருக்கிறேன். ஒரு குறிப்பு அட்டையில், பச்சை மையில். அன்றே பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். அந்த அட்டை, வழக்கொழிந்த குழுக்களுக்கான பெட்டியில் இருந்தது. அப்படி ஒரு பெட்டியையே கவனித்ததில்லை என நீங்கள் நீதிமன்றத்தில் சொன்னீர்கள்.

அட்டை எங்கே?


ஜூலை 15

படம் வரைபவர் அவர்களுக்கு,

மூன்று வாரம் ஆகிறது. பதிப்பாசிரியர் என்னிடம், “படக்காரம்மா உங்களுக்கு ஏதாச்சும் எழுதினாங்களா? எங்களுக்குப் பதிலே இல்லை” என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

நீங்கள் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறேன். அதனால் எனக்கு என்ன ஆயிற்று என்று நானே எழுதிவிடுகிறேன். தெரிந்துகொண்டு பயப்படுவது நல்லது.

ஏழு பெட்டிகள். பன்னிரண்டு ஆண்டுகள். ஒவ்வொரு விண்மீனுக்கும் ஓர் அட்டை: எந்தப் பெயர், யார் வைத்தது, எந்தப் படத்தில் முதலில் வந்தது, தமிழில் என்ன சொல்வது. அவற்றை உங்கள் அண்ணன் எடைக்குப் போட்டார் என்று நான் சொன்னேன். அவர் இல்லை என்றார். வீட்டில் இருந்த மூன்றாவது ஆள் நீங்கள். உங்களைக் கேட்டார்கள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அப்படிப் பெட்டி எதையும் நான் கவனிச்சதில்லை” என்றீர்கள்.

மணவிலக்கு எப்படியும் கிடைத்திருக்கும், கிடைத்தது. நான் சொல்ல வந்தது அது அல்ல. அந்த அட்டைகளை வைத்து நான் எழுதிய விண்மீன் பெயர் அகராதியை அந்த ஆண்டு இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. குறிப்புகள் போய்விட்டன என்று கோளரங்க இயக்குநரிடம் சொன்னேன். அவர் தீர்ப்பின் நகலைப் படித்திருந்தார். “பெட்டின்னு நிஜமாவே ஒண்ணு இருந்துச்சாம்மா? வீட்டுல இருந்தவங்களே பாக்கலைன்னு போட்டிருக்கே” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். பெயர் ஆராய்ச்சியை நிறுத்தி என்னை மாடியிலிருந்து கீழே காட்சிக் கூடத்துக்கு மாற்றினார். மூன்று ஆண்டுகளாக ஒரு நாளைக்கு நான்கு முறை, இருட்டில், அதே முப்பத்தைந்து நிமிடப் பேச்சைப் பேசுகிறேன். எந்த இடத்தில் குழந்தைகள் கைதட்டும், எந்த இடத்தில் யார் இருமுவார் என்பதுவரை மனப்பாடம். இந்த வான்பட நூலின் பட்டியல், ஓய்வு நேரத்தில் நினைவிலிருந்து மீட்டது. அதனால்தான் அதில் இத்தனை ஓட்டை.

இதெல்லாம்கூடப் போகட்டும். பொய்யைப் பலர் நம்பினால் என்ன ஆகும் என்றால், இடையில் சில மாதங்கள் எனக்கே சந்தேகம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து எழுதினேனா, எழுதியதாக நினைத்துக்கொண்டேனா என்று.

குழவி என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. கோபம் அடுத்த நாள்தான் வந்தது.

பதில் எழுதவும்.


ஜூலை 22

அண்ணி,

வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பெட்டி என்னிடம் இருக்கிறது. ஏழில் ஒன்று. மற்றவை போய்விட்டன.

அன்று நீங்கள் கோளரங்கத்துக்கு வேலைக்குப் போயிருந்தீர்கள். காலையில் உங்கள் இருவருக்கும் என்ன சண்டை என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று மணி இருக்கும். பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நின்றார். அண்ணன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைத்தார்.

“அண்ணா, இது அண்ணியோட அட்டைங்க” என்றேன்.

“தெரியும்.”

“அவங்களைக் கேக்காம குடுக்குறீங்களே.”

“அவ என்னைக் கேட்டா போறா, வர்றா? வானத்துல இருக்கிறதுக்கெல்லாம் பேர் வெக்கத் தெரியுது. வீட்டுல ஒருத்தன் இருக்கிறது தெரியலை.”

வண்டி கிளம்பியது. அண்ணன் குளிக்கப் போனார். நான் அந்த மாதத்துப் பழைய செய்தித்தாளை எல்லாம் அள்ளிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தெருமுனையில் பிடித்தேன். “எடைக்கு எடை தர்றேன், பெட்டியைக் குடுங்க” என்றேன். என் கையில் இருந்த தாள் ஒரு பெட்டிக்குத்தான் சரியாக வந்தது. “மிச்சத்துக்குக் கொண்டு வாம்மா, நிக்கிறேன்” என்றார். வீட்டுக்கு ஓடி வந்தேன். அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தார். திரும்பிப் போக முடியவில்லை. போகவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று இப்போது தெரிகிறது.

நீதிமன்றப் படிக்கட்டில் அண்ணன் என்னை நிறுத்தினார். “நீ எனக்குத் தங்கச்சியா, அவளுக்கு நாத்தனாரா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டு மேல ஏறு” என்றார். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றபோது ஊர் வாயை மூடியவரும் அவர்தான். தங்கச்சி என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

உங்களிடம் கொடுக்கத்தான் பெட்டியை எடுத்தேன். சாட்சி சொன்ன பிறகு, கொடுத்தால் பொய்க்காரி, கொடுக்காவிட்டால் திருடி. இரண்டுக்கும் நடுவில் அதை அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். பிறகு எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அத்தனையும் படித்துவிட்டேன். இந்த வேலை தானாக வந்தது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். அதுவும் பொய். பட்டியல் உங்களுடையது என்று கேள்விப்பட்டு, பதிப்பகத்தின் வாசலில் நாலு முறை நின்று கேட்டு வாங்கினேன். பிடிபட வேண்டும் என்று நினைத்தேனா? தெரியவில்லை. ஆனால் குழவியைக் கேட்டது நிஜமாகவே புரியாமல்தான்.

குழு அழிந்த பிறகும் நட்சத்திரத்தின் பெயர் நிற்கிறது என்று நீங்கள் எழுதினீர்கள். வீடு கலைந்தாலும் நீங்கள் எனக்கு அண்ணிதானே என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில்தான் மேலே அப்படி எழுதியிருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.


ஆகஸ்ட் 1

ஒப்பீடு வேண்டாம்.

அந்த விண்மீனுக்குத் தன் பெயர் பூனை என்று தெரியாது. யாரும் அதைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கவில்லை. எந்தப் படிக்கட்டிலும் யாரும் அதை நிறுத்திக் கேட்கவில்லை. நீ வாய் திறந்து பேசியவள். உன்னை நீயே வானத்தில் ஏற்றிக்கொள்ளாதே.

‘நீ’ என்று எழுதிவிட்டேன். திருத்தப் போவதில்லை.

செய்ய வேண்டியதைக் கேட்டாய். பெட்டி எனக்கு இரண்டாவதுதான். முதலில் கோளரங்க இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுது. பெட்டிகள் இருந்தன, அவை என்ன ஆயின என்று நீ கண்ணால் பார்த்தாய், நீதிமன்றத்தில் வேறு மாதிரி சொன்னாய். இவ்வளவு போதும். அழுகை வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், என்னைப் புகழ வேண்டாம். உன் அண்ணன் மேல் நான் புதிதாக வழக்குப் போடப் போவதில்லை. அவரோடு எனக்கு முடிந்துவிட்டது. ஆனால் பொய்ச்சாட்சி பொய்ச்சாட்சிதான். எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது யார் கைக்கும் போகலாம். தெரிந்தே போடு.

நீ அந்த வீட்டில்தான் இருக்கிறாய் என்பது எனக்கு மறக்கவில்லை. எழுதாமல் இருந்துவிட்டால் நான் உன்னைத் துரத்த மாட்டேன். படங்களுக்கான பதில்களும் நிற்காது. என் பட்டியல் வரும் பின்னிணைப்பு மட்டும் இப்போது இருக்கும் ஓட்டைகளோடு அச்சுக்குப் போகும்.

பூனைப் படம் நன்றாக இருக்கிறது. வாலைக் கொஞ்சம் குறைத்துவிடு, பம்பில் இடிக்கிறது.


ஆகஸ்ட் 20

அண்ணி,

தபாலில் ஒரு பார்சல் வரும். பெட்டி. மேல் அடுக்கில் பத்துப் பதினைந்து அட்டைகளில் கறை இருக்கும்; அது அலமாரிக்கு மேலே ஓடு ஒழுகியது, நான் கவனிக்கவில்லை. குழவி நன்றாக இருக்கிறது.

இயக்குநருக்குக் கடிதம் எழுதி முடித்து இரண்டு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அண்ணனுக்குத் தெரியாமல் போடலாம். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு காரியம், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு காரியம் என்று எத்தனை நாள்? சனிக்கிழமை காலை, கடைக்குக் கிளம்பும் முன் அவர் கையில் கொடுத்தேன்.

“அண்ணா, இதைத் தபால்ல போடப் போறேன். படிச்சிடுங்க.”

கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். மருந்துச் சீட்டைப் படிப்பாரே, அந்த மாதிரி, உதடு அசையாமல்.

“ரெண்டாவது பக்கத்துல ஒரு எழுத்துப் பிழை இருக்கு” என்றார்.

“திருத்திடறேன்.”

“நான் செஞ்சது சரின்னு எப்பவும் நெனச்சதில்லை” என்றார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். “ஆனா நீ சொல்லுவேன்னு நெனக்கலை.” கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். “போட்டுட்டு வா.”

போட்டுவிட்டு வந்தேன். தபால் நிலையத்தில் கூட்டம், ஒரு மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது என் மேசை வாசலில் இருந்தது. நாற்காலியும். தூரிகைகளை ஒன்றுகூட விடாமல் சுருட்டி மேலே வைத்திருந்தார். மைப் புட்டிகளை மூடியை இறுக்கி மூடி, சாயாமல், பழைய துணியில் சுற்றி வைத்திருந்தார். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளினால் திறந்திருக்கும். நான் தள்ளவில்லை.

இப்போது பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அக்கா வீட்டுக் கூடத்தில் இருக்கிறேன். நல்ல மனுஷி. அவர் குடும்பத்தில் ஐந்து பேர். நான் படம் விரிக்கும் நேரத்தில் எல்லாரும் சுவரோரமாக நடக்கிறார்கள். செங்கோலும் இதயமும் முடிந்தன. மிச்சம் நான்கு. தேதி தவறாது.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. ஆனால் தூக்கம் வருகிறது. மூன்று ஆண்டுகளாக வராத தூக்கம்.


செப்டம்பர் 2

பெட்டி வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். வரிசைகூட மாறவில்லை. பதினோரு அட்டைகளில் கறை. ஒன்பதைப் படிக்க முடிகிறது. குளவிக்கு ஆதாரம் கிடைத்துவிட்டதால் அதையும் தேனீயையும் பின்னிணைப்பில் சேர்த்தாயிற்று. ஐரோப்பியர்கள் தேனீ, குளவி, லில்லி, ஈ என்று அடித்துக்கொண்ட அதே மூன்று விண்மீன்களை நம் பழைய நிகண்டுகள் அடுப்பு என்றும் முக்கூட்டு என்றும் சொல்கின்றன. அதுவும் அந்த அட்டையின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது. எழுதியது எனக்கு மறந்தே போயிருந்தது. படம் நான்கு மூலைக்கு மூன்று பூச்சியும் ஒரு பூவும், நடுவில் மூன்று கல் அடுப்பு என்று இருக்கட்டும். அடுப்பைப் பெரிதாக வரை.

இயக்குநர் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். உன் கடிதம் மேசைமேல் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டால் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே இருந்தார். “அப்ப நீங்க சொன்னதுதான் நெசம், என்னம்மா?” என்றார். ஆமாம் என்றேன். “சரி. திங்கட்கிழமைலேர்ந்து மாடிக்கு வந்துடுங்க” என்றார். அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு ‘சரி’. எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. கடைசிக் காட்சியில் வழக்கமான பேச்சை விட்டுவிட்டு, வானத்தில் ஒரு பூனை இருந்த கதையைச் சொன்னேன். இருமுகிறவர்கள் அன்று இருமவில்லை.

மற்ற ஆறு பெட்டிகள் திரும்பி வராது. அவற்றை மறுபடி எழுதப் பத்து ஆண்டுகள் ஆகும். அந்தக் கணக்கில் உன் பங்கு உண்டு. அதை நான் தள்ளுபடி செய்யவில்லை. செய்துவிட்டேன் என்று எழுதினால் நானும் பொய்ச்சாட்சி சொன்னவள் ஆவேன்.

என்னை என்னவென்று கூப்பிடுவது என்பதை உன் விருப்பத்துக்கு விடுகிறேன். நீ எழுதுவதை அடித்துத் திருத்த மாட்டேன்.

என் வீட்டுக்கு மேல்மாடியில் ஓர் அறை காலியாகிறது. வடக்குப் பார்த்த சன்னல் இரண்டு. வெயில் நேராக விழாது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். மேசை படியில் ஏறுமா என்று அளந்து பார்த்தேன். கால்களைக் கழற்றினால் ஏறும். வீட்டுக்காரரிடம் ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன், யார் என்று சொல்லவில்லை. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும், பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வாளி வாங்காதே. என்னிடம் இரண்டு இருக்கின்றன.